முதற்படிப் பாத்திரமும் தனித்தன்மையும்

பாத்திரப் படைப்பெனின் காவியம், நாடகம், நாவல் என்பனவே கற்றோர் நெஞ்சில் முன்னிற்பன. ஆயின், சென்ற நூற்றாண்டின் பிற்கூற்றில் அமெரிக்காவிலே தோன்றிய ஓர் ஆட்டமும் இக்கலையைத் தன் உயிராகக் கொண்டுள்ளது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்ற, 1974ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரிலிருந்து வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே அஃது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடுவராயிருந்து, கற்பனையுலகையும் அதில் நிகழ்வனவற்றையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும், யாது சொல்லும் என வாயால் உரைப்பர். ஐயத்துக்கிடமான செயல்களின் முடிவைப் பகடை தீர்க்கும்.

இவ்வாட்டத்துப் பாத்திரங்கள் முதற்படியிலே தொடங்கிப் படிப்படியாக உயர்வன. பல படி உயர்ந்த பாத்திரத்தை இனங்காணுதல் எளிது. அது பெற்ற வெற்றிகளும், பட்ட வடுக்களும், ஈட்டிய அரும்பொருள்களும் அதற்கு அடையாளமாகும். இன்னும் யாதொன்றும் செய்திராத முதற்படிப் பாத்திரத்துக்குத் தனித்தன்மை எங்ஙனம் வாய்க்கும்? ஆடுவோரின் படைப்பாற்றலுக்கு உரைகல்லாவது இவ்வினாவே.

முதல் நூல்களின் விதிகள் மிகச் சுருங்கியவை. உடல்வலி, மதி, விவேகம், உடலுறுதி, கைவிரைவு, கவர்ச்சி என்னும் ஆறு குணங்களுக்கும், குணமொன்றுக்கு மூன்று பகடை வீதம் உருட்டி, 3 முதல் 18 வரையான எண்கள் பெறப்பட்டன. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என வகுப்புக்கள் மூன்றே. முதற்படி மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரம் மட்டும் உரியது; சமயகுருவுக்கு அதுவுமில்லை. உயிர்நிலையைக் காட்டும் புள்ளிகளோ ஏறத்தாழ ஒரு பகடையின் அளவின. ஆதலின், ஒரே வெட்டில் மாய்தலும் இயல்பாயிற்று. இரு போர்வீரரை வேறுபடுத்தற்கு எண்களும் கைப்பொருளும் போன்ற சிலவன்றி அதிகமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இவ்வறுமைக்கு ஆடுவோர் இருவகையாகப் பரிகாரம் தேடுவர். ஒரு சாரார் அரிய இனம், புதுமையான படைக்கலம், அபூர்வ ஆற்றல் ஆகியவற்றை நாடுவர். இது பயன் தராது. விதிநூலில் உள்ள ஆற்றலை எவரும் எடுத்துக் கொள்ளலாம். எவரும் எடுக்கக்கூடியது ஒருவருக்கே உரிய அடையாளமாதல் எங்ஙனம்? 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்னும் எண்களைப் பகடையின்றியே எடுத்து ஆறு குணங்களுக்கும் பங்கிட இடமுண்டு. அவ்வாறு பங்கிட்ட வீரர் பலர் எண்ணளவில் இரட்டைப் பிள்ளைகளை ஒப்பர். மற்றொரு சாரார் பாத்திரத்துக்கு நீண்ட முன்கதை புனைவர். ஏழு போர்க்களம் கண்டவன் எனக் கதை கூற, பாத்திரத் தாளிலுள்ள எண்களோ அவன் நேற்று வாளேந்தியவன் எனச் சான்று பகரும். அன்றியும், முன்கதை மேசையிலுள்ள ஏனையோர் கண்டறியாதது. அவர் முன்னிலையில் நிகழாதது அவருக்குப் பாத்திரமாகாது.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பொஸ்ரர் 1927இல் வெளியிட்ட திறனாய்வு நூலில், பாத்திரங்களைத் தட்டையானவை, திரட்சியுடையவை என இருவகையாக்கினார். முன்னையதை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். பின்னையது, நம்பத்தக்க முறையில் வியப்பூட்ட வல்லது. இப்பாகுபாடு ஈண்டுச் சாலப் பொருந்தும். முதற்படிப் பாத்திரம் தட்டையாகவே பிறத்தல் வேண்டும்; அது குற்றமன்று. அதனை அடக்கும் அந்த ஒரு வாக்கியம் செயலுக்கு வித்தாகுமா என்பதே கருதற்பாலது. ஒருவன் எதனைத் தெரிந்து கொள்கிறான் என்பதிலேயே அவன் குணம் வெளிப்படும் என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. ஆகவே, தெரிவுக்கு இடந்தராத வாக்கியம் வெறும் அலங்காரமாகும்.

எண்ணளவில் ஒத்த இரு வீரரை எடுத்துக் கொள்க. ஒருவன் ஊர்க் களஞ்சியத்துக்குக் காவலிருந்தவன்; அது தீப்பற்றிய இரவில் உறங்கிவிட்டான். அன்று முதல் பிறர் உறங்குமுன் அவன் கண்மூடுவதில்லை. மற்றவன் இடையிலுள்ள வாள் கொல்லனிடம் இரவலாகப் பெற்றது. அறுவடைக்கு முன் பழுதின்றித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஆதலின் அவன் வாளை உருவுமுன் பேசிப் பார்ப்பான். இவ்விருவருக்கும் புதிய ஆற்றல் யாதுமில்லை, நீண்ட வரலாறுமில்லை. எனினும் முதல் மாலையிலேயே மேசையிலுள்ளோர் இருவரையும் வேறுவேறாக அறிவர். பின்னொருநாள் முன்னையவன், தோழர்மேல் நம்பிக்கை வைத்து, முதன்முதலாக அவர்க்குமுன் உறங்குவானாயின், தட்டையாய்ப் பிறந்த பாத்திரம் திரட்சி பெற்றுவிட்டது எனலாம்.

விதிகளும் இதற்குத் துணைசெய்தல் கூடும். 1986இல் பிரித்தானியாவில் வெளிவந்த 'வார்ஹாமர்' பாத்திர ஆட்டம், தொடங்குவோனுக்குப் பகடையால் ஒரு தொழிலை வகுத்தது. எலிபிடிப்போன், படகோட்டி முதலிய எளிய தொழில்கள் அவற்றுட் பல. எலிபிடிப்போனுக்குப் பொறிகளும், செத்த எலிகள் தொங்கும் கோலும், சிறிதாயினும் மூர்க்கமான நாயும் உடைமையாயின. அந்த நாயொன்றே பத்துப் பக்க முன்கதை செய்யாததைச் செய்துவிடுகின்றது. 2014ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' பதிப்பு இயல்பு, இலட்சியம், பற்று, குறை என நான்கினை எழுதுமாறு பணித்தது. நான்கனுள் பற்றே தலையாயது. பாத்திரத்தைப் பிறரோடு பிணிப்பது அதுவே. ஆயின், அவற்றுக்கு ஆயத்தமான அட்டவணைகளையும் அந்நூல் அளித்தமையால், சிந்தியாது பொறுக்கி எழுதும் வழக்கமும் உண்டாயிற்று. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, பின்னணிகளிலிருந்து அவ்வட்டவணைகளை நீக்கிக் குண எண்களின் உயர்வைப் பின்னணிகளோடு இணைத்தது. பிறந்த சூழலும் பழகிய தொழிலும் எண்ணாதாயத்துக்காகத் தெரியப்படும் நிலைக்கு இது வழிசெய்தது. இம்மாற்றம் பாராட்டற்குரியதன்று.

ஈண்டு இரு தடைகள் எழலாம். தனித்தன்மை குழுவைக் குலைக்கும் என்பது ஒன்று. தோழர் பொருளைத் திருடிவிட்டு, 'என் பாத்திரத்தின் இயல்பு அது' எனச் சாதிப்போர் உளர். அது தான்தோன்றித்தனமேயன்றித் தனித்தன்மை அன்று. முன்காட்டிய காவலன் தன் இயல்பினாலேயே தோழர்க்கு உதவுகின்றான். முதற்படிப் பாத்திரம் எளிதில் மாய்வதால் உழைப்பு வீணாகும் என்பது மற்றொன்று. ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய உழைப்பு சிறிதே. அன்றியும், பற்றுடைய பாத்திரம் மாய்ந்தால் அதன் கடன் மாய்வதில்லை. இரவல் வாளுக்காகக் கொல்லன் காத்திருப்பான்; அதனைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு எஞ்சிய தோழரைச் சாரும். எண்களை மட்டும் உடையவன் மாய்ந்தால் புதிய தாளொன்று எடுக்கப்படும், அவ்வளவே.

ஆதலின், முதற்படியின் வறுமை படைப்போனுக்குத் தடையன்று. ஆற்றல் மிகும்போது அதன் ஒளியில் ஆள் மறைதலும் உண்டு. ஆற்றல் குன்றிய நிலையில் தெரிவு ஒன்றே ஆளைக் காட்டும். சிறியோனொருவன் தன்பாலுள்ள சிறிதைக் கொண்டு யார்பொருட்டு யாது செய்கின்றான் என வினாவி விடை கண்டவரே இவ்வாட்டத்திற் பாத்திரம் படைத்தவராவர்.