சுருதி கூட்டிய சூழலும் வெற்றெதிரொலியும்

இசையரங்கில் குரலைப் பெருக்குவதோடு அமையாது, அதனைச் சூழ ஓர் ஒலிப்புலத்தையும் படைத்தல் இக்காலத்து எளிதாயிற்று. மின்கருவியின் குமிழைச் சற்றே திருகின், சிறு மண்டபமும் பெருங்கோயில்போல் முழங்கும். அம்முழக்கம் இசைக்குத் துணையோ பகையோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

எதிரொலி வேறு, ஒத்ததிர்வு வேறு. எதிரொலி தன்பால் வந்த ஒலி அனைத்தையும் வேறுபாடின்றித் திருப்பித் தரும். ஒத்ததிர்வோ தன் சுருதிக்கு இயைந்த ஒலிக்கே விடை கூறும். சித்தார், சாரங்கி ஆகியவற்றின் துணைத் தந்திகள், தமக்குரிய சுரம் பிறந்தவிடத்து மீட்டாமலே அதிர்தல் இதற்குச் சான்று. கி. மு. முதல் நூற்றாண்டினரான உரோமச் சிற்பநூலார் விற்றுரூவியசு, நாடகவரங்கில் சுருதி கூட்டிய வெண்கலக் கலங்களை அமைக்குமாறு விதித்தமையும் இக்கருத்துப் பற்றியே.

நம் தம்புராவோ சுருதிச் சூழலைத் தானே எழுப்புவது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் நூலிழையே அதன் நாதத்தைச் செழிப்பிக்கின்றது. தந்தியை மீட்டுமிடத்தில் அசைவற்றிருத்தற்குரிய மேற்றொனிகளும் அதன்கண் ஒலித்தலைச் சி. வி. இராமன் 1921 இல் எடுத்துக்காட்டினார்.

மின்கருவியும் இந்நெறியில் இயங்க வல்லதே. ஒலியை ஒரு விநாடியின் 220 இல் ஒரு பங்கு தாமதித்து, மீண்டும் மீண்டும் தன்னுட் செலுத்தின், 220 அதிர்வெண்ணுடைய சுரமும் அதன் மடங்குகளும் ஓங்கி நிற்கும். அத்தாமதத்தைப் பாடுவோரின் ஆதார சட்சத்திற்கு இசைய அமைத்தல் கருவியாளர் கடன். அமைக்காதவழி, ஐந்து கட்டையிற் பாடும் மாணவியைச் சுற்றி நான்கு கட்டை ஒலி படரவும் கூடும். அது சூழலன்று, அபசுரமே.

சுருதி இயைந்தவிடத்தும் மிகை தீதாம். சுரத்தினின்று சுரத்திற்கு அசைந்து செல்லும் கமகமே நம் இசைக்கு உயிர். முன்னொலி அடங்குமுன் பின்னொலி வந்து கலப்பின் அவ்வசைவு மழுங்கும்; சொல்லும் சிதையும். தில்லையடி முதலாய புத்தளக் கரையூர்ப் பள்ளிகளில் தகரக் கூரை வேய்ந்த மண்டபம் தானே அதிரவல்லது. அதன்மேல் மின்முழக்கமும் ஏற்றின், வரவேற்புப்பாவின் பொருள் அவையோர் செவிக்கு எட்டுமா?

விபுலானந்த அடிகள் 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பண்டைச் சுரநிலைகளைக் கணித அளவாற் காட்டினார். அளவறிந்து கூட்டுதலே நம் மரபு. ஆதலின் மாணவர்க்குக் கருவியை விலக்குதல் வேண்டா. முதற்கண் தம்புராவின் முன் இருத்திச் செவியைப் பழக்குக. சட்சமும் பஞ்சமமும் பிழையின்றி உணரப் பெற்றபின் மின்கருவியை அவர்பால் ஒப்படைக்க. அச்செவிப் பயிற்சியைப் பாடசாலை அளிக்கத் தவறின், எத்துணை விலையுயர்ந்த கருவியும் வெற்றாரவாரமாகவே முடியும்.