ரிள்வானா, ரிஸ்வானா? ஒரு பெயரும் ஓர் எழுத்தும்

நம்மவர் தம் ஆண்மக்களுக்கு விரும்பிச் சூட்டும் பெயர்களுள் ஒன்று, தமிழில் ரிஸ்வான், ரிள்வான், ரிழ்வான், ரித்வான் எனப் பல வடிவங்களில் எழுதப்படுகிறது. இலங்கையில் ரில்வான் என்றும் வழங்கும். இவற்றுள் ரிஸ்வானே செம்மை, ளகரமும் லகரமும் கலந்தவை கொச்சை என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து.

முதலில் பொருளைக் காண்போம். சுவனத்தின் காவலரான வானவரின் பெயர் இது என்றே பலரும் விளக்குகின்றனர். மரபு அவ்வாறு கூறுவது உண்மையே. எனினும் திருமறை நரகக் காவலரை மாலிக் எனப் பெயர் சுட்டிக் கூறுவதுபோல (43:77) சுவனக் காவலரைப் பெயர் சுட்டவில்லை. அங்கே இச்சொல் இறைவனின் திருப்பொருத்தத்தையே குறிக்கிறது. சுவனச் சோலைகளை வாக்களித்தபின், அவற்றினும் பெரிது அல்லாஹ்வின் பொருத்தம் என 9:72ஆம் வசனம் உணர்த்துகிறது. ஹிஜ்ரீ 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் மரத்தடியில் நிகழ்ந்த உறுதிமொழிக்கு 'பைஅத்துர் ரிள்வான்' எனப் பெயர் வந்ததும் இப்பொருளாலேயே. இத்தகைய சொல், மொழி எல்லைகளைக் கடந்து விரும்பப்படும் பெயரானதில் வியப்பில்லை.

இனி ஒலிப்பு. இதிலுள்ள 'ளாத்' எழுத்து அரபியருக்கே உரிய அரிய ஒலி. அரபு மொழியை 'ளாதின் மொழி' என்றே அவர்கள் பெருமையுடன் அழைப்பர். எட்டாம் நூற்றாண்டின் இலக்கண மேதை ஸீபவைஹி, நாவின் பக்க விளிம்பு கடைவாய்ப் பற்களை ஒட்டப் பிறக்கும் ஒலி என இதை வரையறுத்தார். பக்கவாட்டில் பிறக்கும் அவ்வொலி லகர, ளகரங்களுக்கு உறவானது. இன்று எகிப்து முதலிய நாடுகளில் அது அழுத்தமான டகர ஒலியாக மாறிவிட்டது. பாரசீகம் அதை 'ஸாத்' என மென்மையாக ஒலித்தது. அவ்வழியே உர்தூவும் ஏற்றது. நாம் செம்மை எனக் கருதும் ரிஸ்வான் அவ்வழி வந்ததே.

பழைய ஒலியின் தடங்கள் வேறிடங்களில் எஞ்சியுள்ளன. 'அல்காளீ' என்பது ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' ஆயிற்று; ஹவுஸா மொழியில் 'அல்காலி' ஆயிற்று. ரிள்வானின் வேரிலிருந்தே பிறந்த 'ரிளா', மலாயில் 'ரெலா' என நிலைத்தது. 1995 முதல் 2000 வரை ஒபெக் அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்த நைஜீரியர் ரில்வானு லுக்மானின் பெயரிலும் அதே லகரம் ஒலிக்கிறது. ளகரம் தமிழ் நாவின் குறைபாடு மட்டுமே எனில், ஒன்றோடொன்று தொடர்பற்ற இத்தனை மொழிகளில் அதன் உறவொலி தோன்றியது எங்ஙனம்?

நம் முன்னோர் பர்ளு, உளூ, களா, ரமளான் என்று வழங்கியதும் இம்மரபின்பாற்பட்டதே. அரபுத்தமிழில் தமிழின் ளகர, ழகர இன ஒலிக்கு ளாதின் கீழ்ப் புள்ளியிட்டு எழுதியமை, அவ்விரண்டின் உறவை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று. நபித்தோழர் பெயரை எழுதும்போதெல்லாம் நாம் சேர்க்கும் '(ரலி)' என்பதும் ரிள்வானும் ஒரே வேரின் கிளைகள். ஒன்றை மரியாதையாகவும் மற்றொன்றைக் கொச்சையாகவும் கொள்வது எவ்வகையில் நியாயம்?

ளகரமும் ளாதும் முற்றிலும் ஒன்றே என நாம் வாதிடவில்லை. திருமறை ஓதுங்கால் தஜ்வீத் கலையின் விதியே விதி. அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் ஓதுதல் வேறு, ஒரு சமுதாயம் தன் பிள்ளையை அழைக்கும் வழக்கு வேறு. ரிஸ்வான் என்று பெயரிட்டோர் அதை மாற்ற வேண்டியதில்லை. ரிள்வான் என்றோர் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. எதைத் தேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழ் தொடங்கிக் கடவுச்சீட்டு வரை ஒரே எழுத்தமைப்பைப் பேணுவது பிற்காலத் தொல்லைகளைத் தவிர்க்கும்.

பெயர்க் கையேடு எழுதுவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: சரி, தவறு என்று தீர்ப்பளிக்கும் முன், அவ்வடிவம் எவ்வழியாக நம்மிடம் வந்தது என்பதைக் கூறுங்கள். உர்தூவின் ஒலியை அரபின் ஒலியெனக் கொண்டு, நம் பாட்டன்மார் காத்த ஒலியைப் பிழையெனத் தள்ளுவது கல்வியாகாது.