தானே நகரும் அம்பு

திருவனந்தபுரம் கரமனையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் லேப்டாப்பில் டிஸ்க் நிரம்பப்போவது, அவருக்கு முன்பே கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருக்கும் ஹெல்ப்டெஸ்க்காரர் ஒருவருக்குத் தெரிந்துவிடும். போன் வரும்: "உள்ளே வரட்டுமா சார்?" சம்மதித்ததும் திரையில் அம்பு தானே நகர்கிறது. அவசரமே இல்லை. சிக்கிய பிரிண்ட் ஸ்பூலரையும் கையோடு நிறுத்தி, வரிசையைக் காலிசெய்து ஓடவிடுகிறார். பிரிண்டர் கரகரவென்று விழித்துக்கொள்கிறது. கேட்கவே சுகமான சத்தம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தொலைவிலிருந்து நுழைய முடியாத இடங்களில் மிஞ்சியது குரல்தான். டிஸ்கின் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் சாவியின் 48 இலக்கங்களையும் ஆறாறாக வாசித்து, "திருப்பிச் சொல்லுங்க" என்று காத்திருந்தார்கள் ஹெல்ப்டெஸ்க்காரர்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் திறக்காது. குரல் உயராமல் மறுபடி முதல் ஆறிலிருந்து தொடங்கினார்கள்.