சோம்பல் யார் தந்த சொத்து?

“உழைக்க மனமில்லை, ஆகவே ஏழை” என்கிறார் உண்டு கொழுத்தவர். “தலைவிதி” என்கிறார் தத்துவம் பேசுவோர். இவ்விரு பேச்சையும் உரைகல்லில் உரைத்துக் காட்டிய ஏடு ஒன்றுண்டு, தோழர்களே! மரீ யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் எனும் மூவர் ஆக்கி, 1933-இல் செர்மன் மொழியில் வெளிவந்த ‘மரியந்தாலின் வேலையற்றோர்’ அது. மனத்தை மட்டும் தனியே ஆராயாமல், அம்மனத்தை உருவாக்கும் சமுதாயத்தையும் சேர்த்து ஆராய்வது சமுதாய உளவியல். அத்துறைக்கு வழிகாட்டிய நூல்களுள் இது ஒன்று.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே உள்ள சிற்றூர் மரியந்தால். ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிற்று. 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்களுள் நான்கில் ஏறத்தாழ மூன்று வருவாய் இழந்தன.

1931-இல் ஆய்வாளர் வந்தனர். வேடிக்கை பார்க்கவா? அல்ல! உடை திரட்டி வழங்கினர். மருத்துவ உதவிக்கு வழி செய்தனர். ஆராய வந்தவர் ஊருக்குப் பயன்பட்டாக வேண்டும் என்பது அவர்தம் நெறி.

கண்டதென்ன? ஓய்வு ஏராளம்; நூலகத்திலோ கட்டணமும் நீக்கப்பட்டது. படிப்பு பெருகியிருக்க வேண்டுமன்றோ? இரண்டே ஆண்டுகளில், எடுத்துச் சென்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது! மறைவில் நின்று, கடிகாரம் கொண்டு தெருவில் நடப்போரின் வேகத்தையும் அளந்தனர். வீட்டுவேலை சுமந்த பெண்டிர் விரைந்தனர். செய்வதற்கேதுமற்ற ஆடவர் நின்று நின்று நடந்தனர். வேலை பறிபோனபின் காலமே பொருளற்றுப் போயிற்று. ஆம், அவ்வூரில் சோம்பல் வறுமையின் தாயன்று, சேய்!

நமக்கு இதில் கசப்பான பாடமும் உண்டு. வயிறு காய்ந்தால் மக்கள் தாமே பொங்கி எழுவர் என்று நம்புகிறோம். மரியந்தாலில் பெரும்பாலோர் பொங்கவில்லை. ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு அடங்கினர். அடங்கிய நெஞ்சை மீண்டும் நிமிர்த்துவது எங்ஙனம்? இதற்கு நூல் விடை கூறவில்லை. காயத்தை நுட்பமாக அளந்த ஏடு, மருந்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. அதன் பெருங்குறை இதுவே.

எனினும் அளந்து சொன்ன உண்மையே ஆதிக்கத்துக்கு அச்சமூட்டிற்று போலும்! யூதப் பெயர்கள் என்பதால் ஆசிரியர் பெயர்கள் முகப்பில் அச்சேறவில்லை. யகோடா 1936-இல் ஆஸ்திரியச் சிறையில் அடைபட்டு, பின்னர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு வரவே 1971 ஆயிற்று.

இனி எவரேனும் ஏழையைச் ‘சோம்பேறி’ என்று ஏசினால், சினம் வேண்டாம். ஒன்று கேளுங்கள்: அவன் கைக்குரிய வேலையைப் பறித்தவர் யார்?