நாற்பதைத் தாண்டிப் பிடித்த அரிச்சுவடி

மொத்தம் 35 எழுத்து. அவற்றைக் கற்றுக்கொண்டு, எங்கள் வேதமான குரு கிரந்த சாஹிபின் ஒரு வரியை யார் துணையும் இல்லாமல் என் கண்ணாலேயே படித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது! அந்த எழுத்தை, அதாவது குர்முகியை, படிக்கத் தெரியாத சீக்கியர் யாரைப் பார்த்தாலும், "உடனே ஆரம்பியுங்கள், எந்த வயதானாலும் ஆரம்பியுங்கள்" என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

பிரிவினைக்குப் பிறகு தெற்கே வந்து, வாகன உதிரிபாக வியாபாரத்தில் காலூன்றிய குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சென்னையில். வீட்டில் பஞ்சாபி பேசுவோம். தெருவிலும் பள்ளியிலும் தமிழ். பீஜி, அதாவது என் பாட்டி, விடியற்காலையில் ஜப்ஜி சாஹிப் எனும் காலைப் பிரார்த்தனையைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். கையில் வைத்திருந்த குட்கா, அதாவது சிறிய பிரார்த்தனைப் புத்தகம், ஆங்கில எழுத்தில் அச்சிட்டது. ஆங்கில எழுத்தில் 'ட'வுக்கும் 'த'வுக்கும் ஒரே எழுத்து, 'ந'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே எழுத்து. குருவின் சொல்லை அதன் சொந்த எழுத்திலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை நாற்பதைத் தாண்டியபோது பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை திவான் எனும் கூட்டு வழிபாடு முடிந்ததும், லங்கர் எனும் பொதுப் பந்தி தொடங்குவதற்குள், குருத்வாராவில் நடக்கும் பஞ்சாபி வகுப்பில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன்.

அந்த 35 எழுத்துக்குப் 'பைந்தி' என்று பெயர். ஐந்து ஐந்தாக ஏழு வரிசை. முதல் வரிசையின் அழகைப் பாருங்கள்: ஊடா, ஐடா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா. இதில் முதல் மூன்றும் உயிரொலிகளைத் தாங்குபவை. ஊடா தாங்குவது உ, ஊ, ஓ. ஐடா தாங்குவது அ, ஆ, ஐ, ஔ. ஈடி தாங்குவது இ, ஈ, ஏ. மூன்றே எழுத்து பத்து உயிரையும் சுமந்துவிடுகிறது! அடுத்து க வரிசை, ச வரிசை, ட வரிசை, த வரிசை, ப வரிசை என்று தொண்டையில் கிளம்பி உதடு வரை ஒலி நடந்து வருகிறது. ங, ஞ இரண்டும்கூட நம் அரிச்சுவடியில் இருப்பது போலவே அங்கேயும் உண்டு. பாரசீகச் சொற்களுக்காகவும் வேறு சில ஒலிகளுக்காகவும் காலடியில் புள்ளி வைத்த 6 எழுத்துகள் பிற்காலத்தில் சேர்ந்தன.

பிறகு 'முஹார்னி'. ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து, எல்லா உயிர்க்குறிகளோடும் சேர்த்து ராகமாகச் சொல்வது. "கக்கா கன்னா கா, கக்கா சிஹாரி கி, கக்கா பிஹாரி கீ" என்று பிள்ளைகள் முழங்க, நானும் சேர்ந்து முழங்கினேன். தமிழ் படித்தவர்களுக்கு இது எவ்வளவு சுலபம் தெரியுமா? உயிர்மெய் என்ற ஏற்பாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது. 'கெ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு ஒலியைப் பின்னால் சொல்கிறோம் அல்லவா? சிஹாரியும் அப்படித்தான், எழுத்துக்கு முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும். பஞ்சாபியில் ணகரம் தாராளம், ளகரமும் உண்டு. தமிழ் பேசிப் பழகிய நாக்குக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் க வரிசையின் நான்காவது எழுத்து. வீட்டைக் குறிக்கும் சொல்லை நாங்கள் பேசும்போது வல்லின 'க'வில் தொடங்கிக் குரலைத் தாழ்த்துவோம். எழுத்தில் அங்கே இருப்பது முதல் ககரம் அல்ல, மூச்சோடு ஒலிக்க வேண்டிய அந்த நான்காவது எழுத்து. பேச்சில் மூச்சு மறைந்து குரலின் ஏற்ற இறக்கமாக மாறிவிட்டது. எழுத்து பழைய ஒலியை விடாமல் காத்து வைத்திருக்கிறது. பிறந்தது முதல் பேசிவந்த மொழிக்குள் இப்படி ஓர் அடுக்கு இருப்பதைக் கண்ணால் பார்த்தபோது சொக்கிப் போனேன்.

இந்த எழுத்தை ஒழுங்குபடுத்தித் தந்தவர் இரண்டாவது குரு, குரு அங்கத் தேவ். 1539 முதல் 1552 வரை குருவாக இருந்தவர். கடூர் சாஹிபில் வாழ்ந்தவர். அந்தக் காலப் பஞ்சாபில் வணிகர்கள் கணக்கெழுதிய லண்டா எழுத்துகளில் உயிர்க்குறிகள் முறையாகக் கிடையாது. கடைக் கணக்குக்கு அது போதும், எழுதியவரே படித்துக்கொள்வார். குருவின் பாடலுக்குப் போதுமா? ஒரு குறில் நெடிலானால் பொருளே போய்விடும். ஆகவே ஒலி பிசகாமல் எழுத ஓர் எழுத்துமுறை வேண்டியிருந்தது. உழவரும் நெசவாளரும் அவர்கள் பிள்ளைகளும் பண்டிதர் தயவில்லாமல் படிக்கும் எழுத்து அது. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு புதியவரும் அந்தக் குருவின் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் மனமார நம்புகிறேன்.

வகுப்பில் சேர்ந்த பிறகு அமிர்தசரஸ் போனேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நகர மனமில்லை. அந்த ஒரு பெயருக்குள் ஒரு பாடமே இருக்கிறது! முதலில் ஐடா, அதன் தலையில் மூக்கொலிக்கான டிப்பி. அடுத்து மம்மா, அதன் காலடியில் ஒட்டிக்கொண்ட குட்டி ராரா, முன்னால் சிஹாரி. பிறகு தத்தா, சஸ்ஸா, ராரா. மம்மாவும் சஸ்ஸாவும் அச்சு அசலாக ஒரே சாயல். மம்மாவின் தலைக்கோடு நடுவே திறந்திருக்கும், சஸ்ஸாவுக்கு மூடியிருக்கும், அவ்வளவே வித்தியாசம். இரண்டும் அந்தப் பலகையில் ஒரே பெயருக்குள்! கூட்டிப் படித்து, "அம்ரித்சர்" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் கடைப்பலகை, பேருந்து, லாரி என்று ஊரே எனக்குப் பாடப்புத்தகம் ஆகிவிட்டது.

வயதுவந்து தொடங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பாணி, அதாவது குருவின் பாடல், ஏற்கெனவே காதில் இருக்கிறது. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் பீபி ஜி சொல்வார்: "பேட்டா, கண்ணை எழுத்தில் வை, காது தானே வழிகாட்டும்." குரு கிரந்த சாஹிபின் முகப்பில் வரும் மூல மந்திரத்திலிருந்து தொடங்குங்கள். பல ஆண்டாக வாய் அறிந்த ஒலி, கண் முன்னே எழுத்தாக விரியும். ஒவ்வொரு சொல்லும் பழைய நண்பராக எதிரே வந்து நிற்கும். பிறகு ஜப்ஜி சாஹிப், பிறகு மாலையில் ரெஹ்ராஸ் சாஹிப்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொரு புதையல். குருபாணியில் பல சொற்களின் கடைசியில் ஒரு சிஹாரியோ, அடியில் ஔங்கட் எனும் உகரக் குறியோ இருக்கும். வாசிக்கும்போது பெரும்பாலும் அவற்றை ஒலிப்பதில்லை. ஆனால் அவைதாம் இலக்கணம்! 'நானக்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாயாக வந்தால் கடைசி எழுத்தின் அடியில் ஔங்கட். 'நானக்கால்' என்ற பொருளில் வந்தால் சிஹாரி. 'நானக்கே' என்று விளித்தால் இரண்டும் இல்லை. காதுக்கு ஒன்றுதான், கண்ணுக்கு மூன்று. வேற்றுமை உருபு படித்த நமக்கு இது தேனல்லவா! பேராசிரியர் சாஹிப் சிங் இந்த இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்து, அதன் அடிப்படையில் குரு கிரந்த சாஹிபுக்குப் பத்துத் தொகுதிகளில் உரை எழுதினார். ஆங்கில எழுத்தில் படித்தவரை பார்வையில் படாத இந்தக் குறிகள் இப்போது ஒவ்வொரு வரியிலும் என்னோடு பேசுகின்றன.

எழுத்தையே பாடுபொருளாக்கிய பாடல்களும் உள்ளே இருக்கின்றன. குரு நானக் ஆசா ராகத்தில் பாடிய 'பட்டி', எழுத்து எழுத்தாக எடுத்துப் பாடிய பாடல். 'பாவன் அக்ரி' என்ற பெயரில் குரு அர்ஜன் தேவும் பாடியிருக்கிறார், கபீரும் பாடியிருக்கிறார். சிலேட்டுப் பிடிக்கும் பிள்ளைக்கான அரிச்சுவடியையே இறைவனை நினைக்கும் வழியாக்கிவிட்டார்கள். பைந்தி படித்த கையோடு பட்டியைப் படித்துப் பாருங்கள், உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்.

1604இல் குரு அர்ஜன் தேவ் தொகுக்க, பாயி குர்தாஸ் எழுதிய ஆதி கிரந்தத்தில், அதாவது குரு கிரந்த சாஹிபின் முதல் வடிவத்தில், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஒரே சரமாக ஓடும். அதற்கு 'லரிவார்' என்று பெயர். இன்றைய குட்காக்களில் சொல் பிரித்து அச்சிடுகிறார்கள், அதனால் புதியவர்களுக்குக் கஷ்டமே இல்லை. லரிவாரில் படித்துப் பழகுவதுதான் என் அடுத்த ஆசை.

இப்போது சஹஜ் பாட் தொடங்கியிருக்கிறேன். குரு கிரந்த சாஹிபை முதல் அங்கிலிருந்து (பக்கத்திலிருந்து) 1430ஆம் அங் வரை, அவரவர் வேகத்தில், நிதானமாக வாசித்து முடிப்பது. தர்பார் சாஹிபின், அதாவது பொற்கோயிலின், அன்றன்றைய வாசகமான ஹுகம்நாமாவையும் தினமும் நானே படிக்கிறேன். இந்த பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே குருத்வாராவுக்குப் போங்கள். வகுப்பு இருந்தால் பிள்ளைகளோடு உட்காருங்கள், இல்லையென்றால் அங்கே கிரந்தம் வாசிக்கும் க்யானி ஜியிடம் ஒரு காயிதா, அதாவது அரிச்சுவடிப் புத்தகம், கேளுங்கள், மனம் மகிழ்ந்து எடுத்துத் தருவார். தினமும் ஒரு வரிசை எழுதிப் பாருங்கள், முஹார்னியை வாய்விட்டுச் சொல்லுங்கள். குருவின் சொல்லை அதன் சொந்த எழுத்திலேயே படிக்கும் சுகம் உங்களுக்கும் வாய்க்கும். நாற்பதானால் என்ன, எழுபதானால் என்ன, ஊடாவில் தொடங்குங்கள்!