கோடு விழாத ஊர்

போன ஆவணியில் ஒரு நாள் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் முழங்காலளவு தண்ணீர். வாழையிலைக்காரரும் பூக்காரரும் கடையைக் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு. பக்கத்து ஃபிளாட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து நிலவரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் இருக்கும் ராஜஸ்தானின் சிரோகி மாவட்டத்தில் ஓடைக்கு மேல் பாலம் கட்டாமல் தரைப்பாலம் ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். “மழைக்காலத்துல மட்டும்தான் அதுல தண்ணி ஓடும் மாமா. பெரிய பாலம் தேவையில்லை” என்று பட்டென்று பதில் வந்தது. சரி, கீழே தெருவில் நிற்கிறதே, இந்த ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் எந்தப் பக்கம் வடியும்? கொஞ்சம் யோசித்தாள். “கங்கைக்குத்தான். மேற்கே.”

முதல் பதில் சரி, இரண்டாவது தப்பு. குழந்தை கெட்டிக்காரி, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் வறண்ட ஓடை தெரிந்து, தன் தெருச் சாக்கடையின் போக்கு தெரியாமல் போனது எப்படி என்பதுதான் கேள்வி.

அவள் படிக்கும் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் புவியியலுக்கு இந்திய நில அளவைத் துறையின் தலப்படம் ஒன்று கட்டாயம். பல ஆண்டுகளாக 45டி/7, 45டி/10 என்ற இரண்டு தாள்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுக்கிறார்கள். புது எண்முறையில் அவை ஜி43எஸ்7, ஜி43எஸ்10. குஜராத்தின் பனாஸ்காண்டாவும் ராஜஸ்தானின் சிரோகியும் சந்திக்கும் வறண்ட பகுதி அது. எந்தத் தாள், அதில் எந்தப் பகுதி என்பதெல்லாம் முன்கூட்டியே பாடத்திட்டத்தில் வந்துவிடும்.

முதலில் இந்தத் தலப்படப் பாடத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எடுத்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளிப் பையன் கையில் ஓர் அசல் அரசாங்க ஆவணம் வருவது அபூர்வம். மற்ற பாடங்களில் எல்லாமே குழந்தைக்கென்று மசித்துக் கொடுத்த சோறு. இந்தத் தாள் அப்படியில்லை. பொறியாளரும் வன அதிகாரியும் பார்க்கும் அதே படம்தான் மாணவருக்கும் கிடைக்கிறது. அளவை 1:50,000, அதாவது இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தாளில் ஒரு கட்டம் தரையில் ஒரு சதுர கிலோமீட்டர். நீர்நிலை நீலம், காடு பச்சை, விளைநிலம் மஞ்சள், வீடும் சாலையும் சிவப்பு, சம உயரக்கோடுகள் பழுப்பு. பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு மெல்லியது. சிவப்புப் புள்ளிகள் கிணறுகளை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் தண்ணீர் அரிது என்று ஊகிக்கலாம். கண்ணால் பார்க்காத ஊரில் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துச் சொல்வது பெரிய வித்தை. நம் பள்ளிப் புவியியலில் அறிவுக்கு வேலை வைக்கும் ஒரே பகுதி இதுதான் என்பேன்.

கெடுத்தது எது என்றால், தாள் மாறாமல் இருப்பது. ஒரே நிலத்தை ஆண்டுக்காண்டு கேட்டால் கேள்விகளும் ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். தரைப்பாலம் ஏன், கிணறுகள் ஏன் இத்தனை, குளத்தருகே 3ஆர் என்று போட்டிருப்பது எதைக் குறிக்கிறது, குடியிருப்புகள் எந்த அமைப்பில் உள்ளன. கைடு புத்தகங்கள் இவற்றுக்கு விடைகளை வரிசையாக அச்சடித்து வைத்திருக்கின்றன. மாணவர்கள் படத்தைப் பார்க்காமலே விடை எழுதலாம், எழுதுகிறார்கள். பார்த்துப் படிக்க வேண்டியது பாராமல் ஒப்பிக்கும் பாடமாகிவிட்டது. சமையல் தேர்வில் ரசத்தின் செய்முறையை எழுதச் சொல்லி மார்க் போடுகிற மாதிரி.

இன்னொரு குறை கல்கத்தாப் பிள்ளைகளுக்கே உரியது. அந்தத் தாள்களில் சம உயரக்கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். கல்கத்தாவோ கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் கீழே கிடக்கிற ஊர். அந்தக் கணக்கில் இந்த மாநகரத்தைப் படமாகப் போட்டால் ஒரு பழுப்புக் கோடுகூட விழாது. ஆகவே மாணவர்கள் மனதில் ஒரு முடிவு தானாக உட்கார்ந்துவிடுகிறது: நிலத்துக்கு ஏற்ற இறக்கம் என்பது மலையுள்ள இடத்துச் சமாசாரம், நம் ஊர் தட்டை.

நம் ஊர் தட்டையில்லை. அந்தப் பெண் கங்கை என்று சொன்ன ஹூக்ளி நூற்றாண்டுகளாக வெள்ளக்காலத்தில் கரைபுரண்டு, கனத்த வண்டலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் போனது. அதனால் ஆற்றங்கரைதான் நகரத்தின் மேடு. அங்கிருந்து கிழக்கே போகப்போக நிலம் சில மீட்டர் தாழ்ந்து சதுப்பில் முடிகிறது. நகரத்துக் கழிவுநீரின் பெரும்பங்கு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே போகிறது. அங்கே ‘பேரி’ எனப்படும் குளங்களில் மீன் வளர்க்க அந்த நீர்தான் ஆதாரம். 2002-இல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்த கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்கள் அவை. ஆறுதான் தாழ்வு, எல்லாத் தண்ணீரும் ஆற்றுக்கே என்பது மலைநாட்டுப் பாடம். டெல்டாவில் அது பல இடங்களில் தலைகீழ். அந்தப் பெண் சொன்ன பதில் பாடப்புத்தகத்தின்படி நியாயமான ஊகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், சரியான விடை அவள் தாய்மொழியிலேயே இருந்தது. கிழக்கில் ‘கீழ்’ இருக்கிறது, மேற்கில் ‘மேல்’ இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலுக்குச் சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள். தற்செயலாகக் கல்கத்தாவுக்கும் அப்படியே பொருந்துகின்றன. திசைப் பாடத்தை இங்கே ஒரு தமிழாசிரியர் எடுத்திருந்தால் சம உயரக்கோடு வரையாமலே சரிவைப் புரியவைத்திருப்பார்.

பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லேக் மார்க்கெட் ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கிறது. லேக் அதற்குத் தெற்கே பத்து நிமிட நடை. அதுவும் இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் சுமார் 192 ஏக்கர் சதுப்புக்காட்டை எடுத்து, ஏரியை வெட்டி, சுற்றியிருந்த தாழ்ந்த நிலத்தை மேடாக்கிக் குடியிருப்புக்குத் தயார் செய்தது. நாம் இட்லிக்கு வரிசையில் நிற்கும் இந்த வட்டாரமே அந்த வேலையால் உருவானதுதான். சதுப்பு, பள்ளம், மேடு, வடிகால், குடியேற்றம் என்று ஒரு பருவத்துப் பாடம் முழுவதும் வாசலில் கிடக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் நடந்துபோய் சிரோகியைப் படிக்கிறார்கள்.

உள்ளூர்த் தாளைக் கொடுக்காததற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. எல்லையோரத் தாள்களும் கடலோரத் தாள்களும் பாதுகாப்புக் காரணம் சொல்லி நெடுங்காலம் பொதுமக்கள் கைக்கு எட்டாமல் இருந்தன. கல்கத்தாவுக்கோ படம் வரைவதில் நெடிய மரபு உண்டு. ஜேம்ஸ் ரென்னல் 1767-இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராகி, 1779-இல் வங்காள அட்லஸை வெளியிட்டார். ஜோராசாங்கோவில் பிறந்த ராதாநாத் சிக்தார் 1852-இல் பதினைந்தாம் சிகரம் (இன்றைய எவரெஸ்ட்) உலகிலேயே உயரமானது என்று கணக்கிட்டார். 1956-இல் எஸ்.பி. சாட்டர்ஜி தேசிய அட்லஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் இங்கேதான். படம் வரைவதில் இத்தனை பேர்போன ஊரின் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப் படம் எட்டாமல் இருந்தது விசித்திரம். ஆனால் 2005-இன் தேசிய நிலவரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி வரிசைத் தாள்களைக் கொண்டுவந்தது. 2017-இல் ‘நக்ஷே’ இணையதளத்தில் அவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. 2021-இல் இன்னும் தளர்த்தினார்கள். பழைய சாக்கு இனி செல்லாது.

தீர்க்கரேகைப் பாடத்திலும் இதே கோளாறு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற விதியைச் சொல்லி, கிரீன்விச்சில் நண்பகல் என்றால் நியூயார்க்கில் மணி என்ன என்று கணக்குப் போடவைக்கிறார்கள். டிசம்பரில் சென்னையிலிருந்து இங்கே வரும் மாமியார்கள் எல்லாரும் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “என்னடி இது, அஞ்சு மணிக்கே விளக்கு வெச்சாச்சு!” அதைப் பாடமாக்கலாம். கல்கத்தா 88 பாகை 22 நிமிடம் கிழக்கு, இந்திய நேரத்துக்கான ரேகை 82 பாகை 30 நிமிடம். வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் 23 நிமிடம் 28 விநாடி. 1948 வரை புழங்கிய ‘கல்கத்தா நேரம்’ இந்திய நேரத்தைவிட முந்தியிருந்தது கிட்டத்தட்ட இவ்வளவுதான். சென்னையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 32 நிமிடம். ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் இங்கே சென்னையைவிட ஐம்பது நிமிடம் போல முன்னதாகவே மறைந்துவிடுகிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? அட்சரேகையிலிருந்து. வடக்கே போகப்போகக் குளிர்காலப் பகல் குறுகும். ஒரு மாமியாரின் புகாரில் இரண்டு ரேகைகளும் அடங்கிவிடுகின்றன.

இந்தியாவின் வெளிக்கோட்டுப் படத்தில் ஆறுகளையும் நகரங்களையும் குறிக்கச் சொல்வது மேற்கு வங்கத்தின் மாத்யமிக் தேர்விலும் உண்டு, தமிழ்நாட்டுத் தேர்விலும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எது எங்கே என்று தெரிந்திருப்பது நல்லதுதான், பத்திரிகை படிக்க உதவும். அளவையும் இல்லாமல், ரேகையும் இல்லாமல் புள்ளி வைப்பதை நிலவரைபடம் வாசித்தல் என்று சொல்வதுதான் பிசகு. செல்போன் வந்தபின் இது எதற்கு என்று கேட்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். செல்போன் நாம் திரும்பும் பக்கமெல்லாம் படத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வழி கிடைக்கும், வடக்கு எது என்பது மறந்துபோகும்.

நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, அதனால் ஒரே தாள் என்பது வாரியத்தின் பக்கத்து நியாயம். அதை மறுக்க மாட்டேன். தேர்வில் பொதுத் தாள்தான் இருக்க முடியும். ஆனால் அது மாணவர் அதற்கு முன் பாராத தாளாக, குறியீட்டு விளக்கத்தோடு அன்றைக்குத்தான் கைக்கு வர வேண்டும். அப்போது கைடுகளுக்கு வேலை இருக்காது. உள்மதிப்பீட்டுக்கு இருக்கும் 20 மதிப்பெண்ணை, சார்ட் பேப்பரில் படம் ஒட்டிக் கொடுக்கும் புராஜெக்டுக்குச் செலவழிக்காமல், பள்ளி இருக்கும் ஊரின் தாளோடு நடக்கும் ஒரு நடைக்குக் கொடுக்கலாம். சிரோகிப் பள்ளிக்குச் சிரோகி, கல்கத்தாப் பள்ளிக்குக் கல்கத்தா. கோடு விழாத ஊர்களில் மாணவர்களே தெருவில் தண்ணீர் நிற்கும் ஆழத்தை அளந்து கோடு போடட்டும்.

வாரியம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டுப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எண்முறையில் கல்கத்தாவின் தாள் 79பி/6. அதை அச்செடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் பிள்ளையின் கையில் கொடுத்து, செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, சந்தையிலிருந்து லேக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தாளில் அந்தத் தூரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான்.