லயத்துப் பாத்திக்கு யார் பொறுப்பு?

கேரளத்தின் மூணாறிலும் பீர்மேட்டிலும், தேயிலை எஸ்டேட் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தையொட்டிக் கிடக்கும் துண்டு நிலத்தில் பீன்ஸ், மல்லித்தழை, மேராக்காய்க் கொடி. இலங்கையின் ஹற்றன், நுவரெலியா லயங்களில் லீக்ஸ், கரட், பீட்ரூட். இரு மலைகளிலும் நிலம் கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது. கொத்திக்கொள்ளும் அனுமதி வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. வாடகை வாங்குவதில்லை என்பதால் இதை நிர்வாகத்தின் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அந்த இலவசமே இதன் பலவீனமாகத் தெரிகிறது. இந்தத் தோட்டங்களைத் தொடங்கிய பிரிட்டனிலேயே 1908ஆம் ஆண்டுச் சட்டம், காய்கறி போட நிலம் கேட்பவர்களுக்கு வாடகைத் துண்டுகளை ஒதுக்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. காலி செய்யச் சொல்ல 6 மாத முன்னறிவிப்பும், நிற்கும் பயிருக்கு ஈடும் 1922இல் சேர்ந்தன. லயத்துப் பாத்திக்கு இவை எதுவும் கிடையாது. பணிக்காலம் முடிந்தபின் குடும்பத்தில் இன்னொருவர் எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் வீடு தங்கும் என்னும்போது, மூன்று மாதத்தில் கைக்கு வரும் காய்தான் நியாயமான கணக்கு. பலாக்கன்று வைப்பது சூதாட்டம்.

இவ்வளவு ஒத்திருந்தும் இரு நாடுகளும் இதைத் தீர்க்கப் போன வழி வேறு. கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் ஊராட்சிப் பகுதிகளில் பிறர் நிலத்தில் குடியிருந்த குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் வரை வாங்கும் உரிமை தந்தது. எஸ்டேட் நிலம் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றது. குடிகிடப்பு உரிமையும் லயத்துக்குள் நுழையவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி லயங்களில் 70 உயிர்களை மண் மூடிய பிறகு, தப்பிய 8 குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 சென்ட் கிடைத்தது. அது நிவாரணம், கொள்கை ஆகவில்லை. இலங்கையிலும் 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தது. ஆனால் அங்கே 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் அரசின் திட்டமாகவே வந்தன. 7 பேர்ச்சஸ் என்பது நாலரைச் சென்டுக்கும் சற்றுக் குறைவு. இந்திய உதவியில் கட்டும் 550 சதுர அடி வீடு போக, 1,300 சதுர அடிக்குமேல் மிஞ்சும்: ஒரு குடும்பத்துக் காய்கறிக்குப் பெரும்பாலும் போதும். உறுதிப்பத்திரம் பலர் கைக்கு வந்து சேரவில்லை என்ற குறை அங்கே உண்டு, அது சின்னக் குறையல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுப்புத் தந்த நாடு அது. உணவுத் தட்டுப்பாடு மிகக் கடுமையாகத் தாக்கியதோ தோட்டக் குடும்பங்களை.

தேயிலை நிலத்தைத் துண்டாக்கினால் தொழில் அழியும் என்பார்கள். இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கைத் தருவதே சிறுதோட்டக்காரர்கள்தான். கேரளச் சட்டமும் எஸ்டேட்டில் 5 சதவீதம் வரை பிற பயிருக்கும் சுற்றுலாவுக்கும் இடம் விடுகிறது. விடுதிக்கு ஒதுக்கலாம், தொழிலாளியின் பாத்திக்குக் கூடாது என்பது விசித்திரமான அக்கறை. சரிவில் காய்கறி போட்டால் மண் அரிக்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். நுவரெலியா உருளைக்கிழங்குச் சரிவுகளே அதற்குச் சாட்சி. ஆனால் அரிப்பைத் தடுக்கக் கல்வரப்பு கட்டுவது பல பருவத்துச் செலவு. அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாதவர் அதைச் செய்யமாட்டார். பிள்ளைகள் திருப்பூருக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்களே என்றால், லயத்தில் மிஞ்சும் முதியவர்களுக்கே அந்த நிலம் கூடுதலாகத் தேவை.

பாலக்காட்டு நெல்லியாம்பதி இன்னும் சிக்கல். அங்கே பல எஸ்டேட்டுகளே அரசு வனநிலத்தின் குத்தகைக்காரர்கள். குத்தகை வழக்குகளுக்கு நடுவே தொழிலாளிக்கு யாரும் பட்டா தரப்போவதில்லை. ஆனால் முன்னறிவிப்புக் காலத்தையும் நிற்கும் பயிருக்கான ஈட்டையும் எழுதிக் கொடுக்கப் பட்டா தேவையில்லை. தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சில் அதையும் ஒரு சரத்தாக வைக்கலாம்.